கை கும்பிடாத இரண்டு நாட்கள்

அண்மையில் கொழும்பில் நடைபெற்ற இரண்டு நாள் கருத்தரங்கொன்றில் கலந்துகொள்ளும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. சமூக ஊடகங்களைச் சமூகசேவைக்கு எவ்வாறு பயன்படுத்தலாம் என்பதே அதன் பொருள். மட்டக்களப்பு மாவட்டத்தில் மாதர் சங்கங்களோடு வேலை செய்யும் வெளிக்கள உத்தியோகத்தர் என்ற வகையில் எங்கள் அலுவலகத்திலிருந்து என்னை அனுப்பினார்கள். திரும்பி வந்ததும் வழக்கம்போல அறிக்கையொன்று எழுதிக் கொடுத்தேன். அந்த அறிக்கையில் நான் எழுதாத விடயமொன்றை இங்கே சகோதரிகளோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். எழுதாததற்குக் காரணம், அதில் தவறு என்னுடையது.

வெள்ளிக்கிழமை இரவு பஸ்ஸில் புறப்பட்டு, சனிக்கிழமை விடியற்காலையில் புறக்கோட்டையில் இறங்கினேன். குளிரூட்டப்பட்ட பெரிய மண்டபம். கழுத்தில் பெயர் அட்டை, மேசைக்கு மேசை தண்ணீர்ப் போத்தல், முன்னால் சுவரளவு திரை. மூன்று மொழி பேசுபவர்களும் வந்திருந்தார்கள். பெரும்பாலானோர் என்னைவிடப் பத்து வயதாவது இளையவர்கள். சேலைத் தலைப்பால் தோளைப் போர்த்திக்கொண்டு பின்வரிசையில் அமர்ந்தேன்.

பயனில்லாத கருத்தரங்கு என்று சொல்லமாட்டேன். முதல் அமர்வில் 2018 மார்ச் மாதம் கண்டி, திகன பகுதிகளில் நடந்த வன்முறையைப் பற்றிப் பேசினார்கள். வதந்தியும் வெறுப்பும் கைத்தொலைபேசிகள் வழியாகவே ஊர் ஊராகப் பரவின. அரசாங்கம் சமூக ஊடகங்களைப் பல நாட்கள் தடைசெய்தது. அந்த வன்முறையில் தங்கள் தளத்துக்கும் பங்கு இருந்ததை ஏற்றுக்கொண்டு பேஸ்புக் நிறுவனம் 2020 இல் மன்னிப்புக் கேட்டது. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பின்னரும் இதேபோன்ற தடை வந்தது.

அதைக் கேட்டபோது என் மனம் ஊருக்குப் போய்விட்டது. அன்று குண்டு வெடித்த இடங்களுள் எங்கள் மட்டக்களப்பு சீயோன் தேவாலயமும் ஒன்று. வெளிநாடுகளில் வீட்டுவேலை செய்யும் தாய்மார் இமோவிலும் வைபரிலும்தான் பிள்ளைகளின் முகத்தைப் பார்ப்பது வழக்கம். தடை வந்ததும் அந்த வழி அடைபட்டது. சாதாரண தொலைபேசி அழைப்புக்குக் கையிலிருந்த காசை எல்லாம் கொடுத்து, "பிள்ளைகள் இருக்காங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்த தாய் ஒருவரை எனக்குத் தெரியும். இருக்கிறார்கள் என்ற ஒரு சொல் போதுமாக இருந்தது அவருக்கு. நஞ்சு வந்த வழியும் அந்தத் தாயின் உயிர் வந்துபோன வழியும் ஒன்றுதான்.

பூப்படங்களைப் பார்த்துச் சிரித்தோம்

தேநீருக்கு முந்திய அமர்வில் இளைஞர் ஒருவர் பேசினார். நல்ல பேச்சாளர். ஒரு செய்தி எத்தனை பேரைச் சென்றடைகிறது, எத்தனை பேர் விருப்பக் குறி இடுகிறார்கள், எந்த நேரத்தில் போட்டால் அதிகம் பேர் பார்ப்பார்கள் என்று வரைபடங்களோடு விளக்கினார். இடையே மண்டபத்தைச் சிரிக்கவைப்பதற்காகத் திரையில் சில படங்களைக் காட்டினார். பனித்துளி படிந்த ரோசாப்பூ, தாமரைக் குளம், ஆவி பறக்கும் தேநீர்க் கோப்பை. ஒவ்வொன்றின் மேலும் பெரிய எழுத்தில் 'காலை வணக்கம்'. "எங்கள் அம்மாமார், மாமிமார் அனுப்பும் குப்பை இது. தொலைபேசியின் இடத்தை நிரப்புவதைத் தவிர இவற்றால் எந்தத் தகவலும் இல்லை" என்றார்.

மண்டபம் முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். எங்கள் மாதர் சங்கத்தின் வட்ஸ்அப் குழுவில் 38 பேர் இருக்கிறோம். அதில் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கும் அக்கா ஒருவர் நாள் தவறாமல் காலை ஐந்தரை மணிக்கு இப்படியொரு படம் போடுவார். ஒருநாள் தாமரை, ஒருநாள் மாமாங்கேஸ்வரர் கோயில் தீர்த்தக் குளம், ஒருநாள் யாரோ ஒரு வெள்ளைக்காரக் குழந்தை. அதன்கீழே ஒவ்வொருவராகக் கை கும்பிடும் அடையாளம் இடுவார்கள். மேலே இழுத்து இழுத்துத்தான் கூட்ட அறிவித்தலைத் தேட வேண்டும். எத்தனையோ நாள் எரிச்சல்பட்டிருக்கிறேன்.

அந்த அமர்வு நடந்துகொண்டிருந்தபோதே என் தொலைபேசி அதிர்ந்தது. எங்கள் குழுவில் உள்ள தங்கை ஒருத்தி. வயது இருபத்தாறு. கணவர் கட்டாரில் வேலை செய்கிறார். மூன்று வயதில் ஒரு மகன். எனக்குத் தனியாகக் குரல் செய்தியொன்று அனுப்பியிருந்தாள். 2 நிமிடம் 41 செக்கன். மண்டபத்தில் எப்படிக் கேட்பது? பிறகு கேட்கலாம் என்று நினைத்துக்கொண்டு, பதில் போடாமல் விட்டதாக இருக்கக்கூடாதே என்று சிவப்பு இதயம் ஒன்றை அனுப்பிவைத்தேன்.

பின்னர் மறந்துவிட்டேன்.

இடைவேளையில் பெயர் அட்டை தெரியும்படி ஒரு புகைப்படம் எடுத்து, "மனிதர்களை இணைப்பது பற்றிய கருத்தரங்கில்" என்று எழுதி முகநூலில் போட்டேன். இரவு தங்குமிடத்தில் படுத்திருந்து பார்த்தபோது நூற்றுக்கு மேற்பட்டோர் விருப்பக் குறி இட்டிருந்தார்கள். பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தேன். அந்தத் தங்கையின் பெயரும் அதில் இருந்தது.

பஸ்ஸில் கேட்ட குரல்

ஞாயிறு இரவு பத்து மணிக்குப் பஸ் புறப்பட்டது. குருநாகலைத் தாண்டியிருக்கும். நித்திரை வரவில்லை. தொலைபேசியைத் துழாவிக்கொண்டிருந்தபோதுதான் அந்தக் குரல் செய்தி கண்ணில் பட்டது. காதோடு வைத்துக் கேட்டேன்.

முதலில் பிள்ளை அழும் சத்தம். பிறகு அவள் குரல். "அக்கா, நீங்க கொழும்பில எண்டு தெரியும், குழப்பிறதுக்கு மன்னிச்சுக்கொள்ளுங்க" என்றுதான் ஆரம்பித்தாள். அவளுடைய படங்களை யாரோ எடுத்து, அவளுடைய பெயரிலேயே போலிக் கணக்கொன்று திறந்திருக்கிறார்கள். அதிலிருந்து அசிங்கமான செய்திகள் கட்டாரில் கணவரோடு ஒரே அறையில் இருப்பவர்களுக்கும் போயிருக்கின்றன. கணவர் அழைத்துக் கத்திவிட்டு வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அழைப்பை எடுக்கவே இல்லை. "ஆரிட்டச் சொல்ற எண்டு தெரியல்ல அக்கா. வெளியில போகவும் வெட்கமா இருக்கு. இருந்து என்ன செய்யிற எண்டும் யோசிக்கிறன். நீங்க ஒருக்கா எடுங்க."

சனிக்கிழமை முற்பகல் சொன்னதை ஞாயிறு நள்ளிரவில் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இடையில் முப்பத்தேழு மணித்தியாலங்கள். நான் அனுப்பியது ஓர் இதயம்.

உடனே அழைத்தேன். தொலைபேசி நிறுத்தப்பட்டிருந்தது. மீண்டும் மீண்டும் அழைத்தேன். கை நடுங்கியது. சமூகசேவையில் பதினொரு வருட அனுபவம் என்று அட்டையில் எழுதிக் கழுத்தில் மாட்டியவள், ஓடும் பஸ்ஸில் என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தேன். கடைசியில், அவளுடைய வீட்டுக்கு இரண்டு வளவு தள்ளி இருக்கும் இடியப்ப அக்காவின் நினைவு வந்தது. விடியற்காலை மூன்று மணிக்கு எழும்புகிறவர். அந்நேரத்தில் எழுப்புவது பாவம்தான். ஆயினும் அழைத்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்.

"நான் அவட வீட்டதான் படுத்திருக்கன் புள்ள. காலையில இருந்து இஞ்சதான். அவ நித்திரை, பொடியனும் நித்திரை. போனை நான்தான் நிப்பாட்டி வச்ச, கண்டபடி அடிக்கிறானுகள். நீ கண்ணை மூடிக்கொண்டு வா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "உங்களுக்கு எப்படி அக்கா தெரியும்? அவள் உங்களுக்கும் சொன்னாளா?" என்று கேட்டேன்.

"இல்ல. ரெண்டு நாளா கை கும்பிடல்ல. நாள்தோறும் முதல் ஆளா கும்பிடுற புள்ள. என்னவோ எண்டு நாலு இடியப்பத்தைக் கட்டிக்கொண்டு வந்து பார்த்தன்."

தகவல் இல்லாத பேச்சு

மிகுதித் தூரம் முழுவதும் அந்த ஒரு வசனமே மனதில் ஓடிக்கொண்டிருந்தது. வந்தாறுமூலை வளாகத்தில் சமூகவியல் படித்த காலத்தில் மலினோவ்ஸ்கி என்ற மானிடவியலாளரைப் பற்றிப் பரீட்சைக்காகப் பாடமாக்கியிருக்கிறேன். பசுபிக் சமுத்திரத்தில் உள்ள ட்ரோபிரியான்ட் தீவுகளில் மக்களோடு நீண்டகாலம் வாழ்ந்து ஆராய்ந்தவர் அவர். 1923 இல் வெளியான கட்டுரையொன்றில் அவர் சொன்ன கருத்து இது: மனிதர்கள் பேசுவதெல்லாம் தகவல் சொல்வதற்காக அல்ல. சுகம் கேட்பது, மழை வெயில் பற்றிக் கதைப்பது போன்றவற்றில் தகவல் ஒன்றுமில்லை; அந்தச் சொற்களின் வேலை மனிதரை மனிதரோடு சேர்த்து வைத்திருப்பதுதான்.

எங்கள் ஊரில் இதற்குப் பாடப்புத்தகம் தேவையில்லை. ஒழுங்கையால் போகும்போது வேலியோரம் நிற்பவர் "எங்க போறீங்க?" என்று கேட்பார். "இந்தா, இதில ஒருக்கா" என்று சொல்லிவிட்டு நடப்போம். கேட்டவருக்கும் விடை தேவையில்லை, சொன்னவரும் விடை சொல்லவில்லை. ஆனால் நாளைக்கு நாம் அந்த ஒழுங்கையால் போகாவிட்டால் அவருக்குத் தெரியும்.

காலை வணக்கப் பூவும் அதுதான். அதில் தகவல் இல்லை என்று மண்டபத்தில் சொன்னது சரி. அக்கா போடுகிற பூ வகுப்பில் இடாப்புக் கூப்பிடுவதைப் போன்றது. கை கும்பிடுவது "இருக்கிறேன்" என்று சொல்வதைப் போன்றது. கும்பிடாத நாளில்தான் தகவல் இருக்கிறது. அதை வாசிக்க ஒருவர் இருக்க வேண்டும். வாசித்துவிட்டு எழுந்து நடந்துபோகவும் வேண்டும்.

இங்கிலாந்து மானிடவியலாளர் ரொபின் டன்பார் 1990 களில், ஒரு மனிதரால் உண்மையாகப் பேணக்கூடிய உறவுகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 150 என்று சொன்னார். இந்த எண்ணைப் பற்றி அறிஞர்களிடையே விவாதம் உண்டு. எனினும் எனது முகநூலில் ஆயிரத்துக்கு மேற்பட்ட நண்பர்கள் இருக்கிறார்கள். அவர்களில் யார் இரண்டு நாள் பேசாமல் இருந்தால் எனக்குத் தெரியவரும்? விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். பத்து விரலும் தேவைப்படவில்லை. அக்காவோ ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். பேரன் சொல்லிக்கொடுத்துத்தான் வட்ஸ்அப் பழகினார். அவருடைய தொலைபேசியில் 38 பேர்; 38 பேருக்கும் கணக்கு இருக்கிறது.

அதே கண், அதே வழி

இதை வாசித்துவிட்டு எங்கள் குழுவை ஓர் ஆலமரம் என்று நினைத்துவிடாதீர்கள். ஊருக்குத் திரும்பியபின் விசாரித்தபோதுதான் தெரிந்தது, அந்தப் போலிக் கணக்கின் படத்தை வியாழக்கிழமையே எங்கள் உறுப்பினர் ஒருவர் "இது உண்மையா?" என்று கேட்டு வேறொரு குழுவுக்கு அனுப்பியிருக்கிறார். அங்கிருந்து அது மேலும் மூன்று இடங்களுக்குப் போயிருக்கிறது. யாரும் தீய எண்ணத்தோடு செய்யவில்லை. உண்மையா என்று அவளிடம் கேட்கவும் இல்லை. ஒருவர் இல்லாததைக் கவனிக்கின்ற அதே ஊர்க்கண்தான், ஒருத்தியின் சேலையையும் சிரிப்பையும் கணக்கெடுக்கிறது. அக்கா அவளைத் தேடிப் போனபோது என்ன நடந்தது என்று முதலில் கேட்கவில்லையாம். பிள்ளைக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு, முற்றத்தைக் கூட்டிவிட்டு, அவள் தானாகச் சொல்லும்வரை பக்கத்தில் இருந்திருக்கிறார். கண்காணிப்பதற்கும் கவனிப்பதற்கும் உள்ள வித்தியாசம் அதில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அதன்பின் செய்யவேண்டியவற்றைச் செய்தோம். போலிக் கணக்கு அழியுமுன் அதன் பக்கங்களையும் செய்திகளையும் திகதி தெரியும்படி படமெடுத்து அச்சிட்டோம். அவற்றோடு பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்தோம். இத்தகைய போலிக் கணக்குகள் பற்றிப் பாதிக்கப்பட்டவர் மட்டுமல்ல, அவருடைய நண்பர்களும் அந்தந்தத் தளத்துக்கு அறிவிக்கலாம். குழுவில் தொலைபேசி பாவிக்கத் தெரிந்தவர்கள் எல்லோரும் அறிவித்தார்கள். படத்தை அனுப்பிய சகோதரிதான் முதலில் அறிவித்தார். சில நாட்களில் அந்தக் கணக்கு மறைந்தது. கணவர் என் அழைப்பை எடுக்க இரண்டு வாரங்கள் சென்றன. இப்போது வீட்டுக்குப் பேசுகிறார், காசும் அனுப்புகிறார். ஆனால் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. அவள் தன் படம் எதையும் இப்போது எங்கும் போடுவதில்லை.

சட்டங்கள் இல்லாமல் இல்லை. 2007 இல் கணினிக் குற்றச் சட்டம் வந்தது. 2024 இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. அது பேச்சுச் சுதந்திரத்தைப் பறிக்கும் என்ற கடும் விமர்சனமும் எழுந்தது. இவை பற்றியெல்லாம் நாம் அறிந்திருக்க வேண்டும். ஆயினும் அவமானம் தலையில் விழுந்த முதல் இரவில் ஒரு பெண்ணுக்குத் தேவைப்படுவது சட்டத்தின் இலக்கம் அல்ல. "நான் இஞ்சதான் படுத்திருக்கன்" என்று சொல்லும் ஒருவர்.

நான் கேட்ட மன்னிப்பு

திங்கட்கிழமை காலை பஸ்ஸால் இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல் நேரே அவளிடம் போனேன். உன் செய்தியைக் கேட்காமலே இதயம் அனுப்பினேன், என்னை மன்னித்துக்கொள் என்றேன். அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"கேட்டுட்டுத்தான் அனுப்பினீங்க எண்டு நினைச்சன் அக்கா. உங்கட பதில் அவ்வளவுதான் எண்டு நினைச்சன்."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கமுடியாமல் இருந்தது. நான் பதில் போடாமல் விட்டிருந்தால், நான் இன்னும் பார்க்கவில்லை என்று நினைத்துத் திரும்ப எடுத்திருப்பாள். நான் போட்ட இதயம் அந்தக் கதவையும் சாத்திவிட்டது. அப்படியிருந்தும் அன்று மாலை அவள் என் படத்துக்கு விருப்பக் குறி இட்டிருக்கிறாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. தானும் இருக்கிறாள் என்று எனக்குச் சொல்லப் பார்த்திருப்பாள். எனக்குத்தான் அதை வாசிக்கத் தெரியவில்லை.

அடுத்த சங்கக் கூட்டத்தில் இந்த விடயத்தை அவளுடைய சம்மதத்தோடு பேசினோம். மூன்று முடிவுகள் எடுத்தோம். ஒருவருடைய செய்தியைக் கேட்காமல், வாசிக்காமல் எந்த அடையாளமும் அனுப்புவதில்லை. நேரமில்லாவிட்டால் "இன்னும் கேட்கவில்லை, இரவு எடுக்கிறேன்" என்று எழுதுவது. யாரைப் பற்றியாவது ஏதேனும் வந்தால், அதைப் பிறருக்கு அனுப்பாமல் உரியவரிடம் நேரில் சொல்வது. ஒருவர் இரண்டு நாள் சத்தமில்லாமல் இருந்தால், கிட்ட இருப்பவர் வெறுங்கையோடாவது போய்ப் பார்ப்பது. போனால் முதலில் விசாரிக்காமல் இருப்பது.

துன்பத்தில் இருக்கும் சகோதரிகள் யாராவது இதை வாசித்தால் இந்த இலக்கங்களையும் குறித்துவையுங்கள். பெண்களுக்கான தேசிய உதவிச் சேவை 1938. மனநல உதவிக்கு 1926. சிறுவர்களுக்கு 1929. அழைப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

இன்று காலை அக்கா நித்தியகல்யாணிப் பூவொன்றைப் போட்டிருந்தார். அவருடைய முற்றத்துப் பூவாம், தானே எடுத்த படம் என்று குரலிலும் சொல்லியிருந்தார். முழுவதும் கேட்டுவிட்டுத்தான் நானும் கை கும்பிட்டேன். பிறகு எண்ணினேன். 38 பேரில் 36 பேர் கும்பிட்டிருந்தார்கள். மற்ற இருவரில் ஒருவர் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் இருக்கிறார். மற்றவர் நேற்றும் கும்பிடவில்லை. பின்னேரம் அந்தப் பக்கம் ஒருக்காப் போய்வர வேண்டும்.